தண்டவாளத்தைப் பெயர்த்தவர் நோபல் பரிசு வாங்கினாரா?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ரயில்களைக் கவிழ்த்த ஒரு பிரெஞ்சு கொரில்லா, போர் முடிந்ததும் விஞ்ஞானியாக மாறி நோபல் பரிசு வாங்கினார், அவர் பெயர் ஜாக் மோனோ என்று உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு வந்திருக்கிறது. அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, வெடிமருந்தோடு திரிந்தவரால் எப்படி லேபில் பொறுமையாக உட்கார முடிந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு இரண்டே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: பாதி உண்மை. உங்களை உறுத்துவது இரண்டாவது கேள்வி என்று நினைக்கிறேன். சண்டைக்காரர் ஒருவர் எந்த இடத்தில் ஆராய்ச்சியாளராகத் திரும்பினார் என்பதுதான் அது. மோனோ விஷயத்தில் அப்படி ஒரு திருப்பமே கிடையாது. ஆயுதப் படையில் சேர்வதற்கு முன்பே அவர் டாக்டர் பட்டம் வாங்கிய உயிரியலாளர். படையில் இருந்த காலத்திலும் பாக்டீரியா வளர்த்துக்கொண்டுதான் இருந்தார். நோபல் வரை அவரைக் கொண்டுபோன கேள்வியே, ஜெர்மன் ராணுவம் பாரிஸில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்ததுதான்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்தவன். மோனோவின் பரிசோதனைகளை வருடா வருடம் மாணவர்களைச் செய்யவைத்திருக்கிறேன். அதனால் அறிவியல் பக்கம் தயங்காமல் பேசுவேன். ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தின் வரலாறு எனக்குப் படித்துத் தெரிந்ததுதான். ரகசிய இயக்கம் எழுத்தில் எதையும் விட்டுவைக்காது, பிடிபட்டால் தலை போய்விடும். ஆகவே நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி பின்னால் சொல்லப்பட்ட நினைவுகள். எது உறுதி, எது சொல்லக் கேள்வி என்பதைப் போகிற போக்கில் பிரித்துக் காட்டுகிறேன்.

மோனோ 1910ல் பாரிஸில் பிறந்தார். அப்பா ஓவியர், அம்மா அமெரிக்கர். வளர்ந்தது தெற்கே கடலோர ஊரான கான் நகரில். செல்லோ நன்றாக வாசிப்பார், பாக் இசைக்கென்று ஒரு பாடகர் குழுவையே நடத்தினார். இசையா உயிரியலா என்று முடிவெடுக்காமலே இருபதுகளைக் கழித்துவிட்டார். 1934ல் ‘பூர்குவா பா’ என்ற ஆய்வுக் கப்பலில் கிரீன்லாந்துக்குப் போய் வந்தார். 1936ல் அதே கப்பலில் மறுபடி போக இருந்தவரை, போரிஸ் எஃப்ரூசி என்ற மரபியலாளர் விடாமல் பேசி, கலிஃபோர்னியாவுக்குத் தன்னோடு மரபியல் படிக்க அழைத்துப்போனார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஐஸ்லாந்துக் கடற்கரையில் கப்பல் உடைந்தது. பிழைத்தவர் ஒரே ஒரு மாலுமி. கலிஃபோர்னியாவிலும் மோனோ மரபியலைவிட இசைக் கச்சேரிகளில்தான் அதிகம் மூழ்கிக் கிடந்தார் என்பது தனிக் கதை.

1940 ஜூனில் பாரிஸ் விழுந்தது. மோனோ அந்த வருடங்களில் பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில், பாக்டீரியா எவ்வளவு வேகத்தில் பெருகுகிறது என்று அளந்துகொண்டிருந்தார். கேட்பதற்குச் சலிப்பான வேலை. அவர் செய்தது இதுதான்: குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு ஒரே குடுவையில் இரண்டு வகைச் சர்க்கரையைக் கலந்து கொடுத்தார். சில ஜோடிகளில் வளர்ச்சி ஒரே கோடாக ஏறியது. வேறு சில ஜோடிகளில், உதாரணமாக குளுக்கோசும் லாக்டோசும் கொடுத்தால், கோடு ஏறி, நடுவில் படுத்து, மறுபடி ஏறியது. எங்கள் லேபில் மாணவர்கள் இதைச் செய்யும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை சாம்பிள் எடுத்து, கலங்கலை அளக்கும் கலரிமீட்டரில் வைத்து, கிராஃபில் புள்ளி வைத்துக்கொண்டே போவார்கள். கோடு படுத்ததும் ஒருவராவது ஓடிவந்து, “சார், ஷேக்கர் நின்னுடுச்சு போல” என்பார். குடுவையைக் குலுக்கும் அந்த மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். குளுக்கோஸ் தீர்ந்துவிட்டது, லாக்டோசை உடைக்கத் தேவையான நொதியை பாக்டீரியா இனிமேல்தான் தயாரிக்க வேண்டும். அந்த இடைவெளிதான் கிராஃபில் தெரியும் தட்டையான பகுதி.

மோனோவுக்கு அப்போது இது எதுவும் தெரியாது. 1940 டிசம்பரில் கிராஃபை எடுத்துக்கொண்டு பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் இருந்த நுண்ணுயிரியலாளர் ஆந்த்ரே லுவோஃபிடம் போய், இது என்னவாக இருக்கும் என்று கேட்டார். “நொதித் தகவமைப்போடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்” என்றார் லுவோஃப். கிடைக்கும் உணவுக்கு ஏற்ற நொதியை நுண்ணுயிர் தயாரிப்பதற்கு அப்போது அந்தப் பெயர். அப்படி ஒன்றை மோனோ கேள்விப்பட்டதே இல்லை. லுவோஃப் சில கட்டுரைகளைக் கொடுத்து அனுப்பினார். பல வருடம் கழித்து நோபல் உரையில் மோனோவே இதைச் சொன்னார், ஆகவே இது உறுதியான பகுதி. 1941ல் அதே கிராஃப்களை வைத்து டாக்டர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். மோனோ செய்யும் வேலையில் சொர்போனுக்கு அக்கறை இல்லை என்று துறைத் தலைவர் அப்போது சொன்னதாக லுவோஃப் எழுதியிருக்கிறார். நோபல் பரிசு கிடைத்தபிறகு நினைவுகூரப்படும் இந்த மாதிரிப் பேச்சுகளை நான் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் எடுத்துக்கொள்வேன். ஆனால் விலங்கியல் துறையில் பாக்டீரியாவுக்கு மதிப்பில்லாத காலம் அது என்பதில் சந்தேகமில்லை.

சரி, இந்த ஆள் ஏன் ஆயுதப் படைக்குப் போனார்? வீட்டுக்குள்ளேயே ஒரு காரணம் இருந்தது. மனைவி ஒடெத் ப்ரூல் யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்திய, நேபாள, திபெத்தியக் கலையில் வல்லுநர், நம் கோயில்களின் புகைப்படங்களைத் தொகுத்து விளக்கம் எழுதியவர், பின்னாளில் பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தில் பொறுப்பில் இருந்தவர். 1939ல் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்திருந்தார்கள். மோனோ குடும்பமோ பிரெஞ்சு புரொட்டஸ்டன்ட் வம்சம். மத ஒடுக்குமுறையின் நினைவு தலைமுறை தலைமுறையாக அங்கே பேசப்பட்டு வந்தது. வெளியிலும் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பாரிஸின் முதல் எதிர்ப்புக் குழுக்களில் ஒன்று, மானிடவியல் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் சேர்ந்து அமைத்தது. அருங்காட்சியகத்தின் ரோனியோ மெஷினிலேயே ரகசியப் பத்திரிகை அச்சடித்தார்கள். அவர்களில் போரிஸ் வில்தே, அனடோல் லெவிட்ஸ்கி முதலானோர் 1942 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குச் சில வாரம் முன்பு இயற்பியலாளர் ஃபெர்னான் ஓல்வெக் விசாரணைச் சித்திரவதையில் இறந்திருந்தார். இன்னொரு இயற்பியலாளர் ஜாக் சொலொமோன் அதே ஆண்டு மே மாதம் சுடப்பட்டார். மோனோ பழகிய உலகத்தில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

ஆரம்பத்தில் அவர் செய்தது துண்டறிக்கை, பத்திரிகை விநியோகம் போன்ற வேலை. அது போதாது என்று 1943ல் ஃபிரான் திரெர் எ பர்த்திசான் என்ற படையில் சேர்ந்தார். எஃப்.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கம்யூனிஸ்டுகள் நடத்திய படை. நேரடித் தாக்குதலில் உடனே இறங்க வேண்டும் என்றவர்கள் அவர்கள்தான். மற்ற குழுக்கள் பல நேச நாடுகளின் படை வரட்டும் என்று காத்திருந்தன. மூன்று மூன்று பேராகத்தான் குழு அமைப்பார்கள். ஒருவர் பிடிபட்டு வாய் திறந்தாலும் அவரால் காட்டிக்கொடுக்க முடிந்தவர்கள் ஓரிருவர்தான். மோனோ கட்சியிலும் சேர்ந்தார். கட்சி உறுப்பினராக இல்லாதவரின் பேச்சு அந்தப் படையின் தலைமையில் எடுபடாது, அதனால்தான் சேர்ந்தேன் என்பது அவர் பின்னால் சொன்ன காரணம். அப்போதைய மனநிலை அவ்வளவு கணக்குப் போட்டதாக இருந்திருக்குமா என்று எனக்கு ஒரு சின்ன ஐயம் உண்டு. 1945ல் விலகிவிட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

ஒட்டகச்சிவிங்கிக் கதையை நீங்கள் கேட்காவிட்டாலும் யாராவது கேட்பார்கள். சொர்போனில் மோனோவின் லேபுக்கு வெளியே தாழ்வாரத்தில் பாடம் செய்யப்பட்ட ஒட்டகச்சிவிங்கி ஒன்று நின்றது. அதன் உள்ளீடற்ற காலுக்குள் ரகசியக் காகிதங்களை ஒளித்துவைத்தார் என்கிறார்கள். அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்வது இது. விலங்கியல் துறையில் அப்படி ஒரு பொம்மை நிற்பதில் வியப்பு எதுவும் இல்லை, நான் நம்புகிறேன். ஆனால் சொல்லச் சொல்ல மெருகேறும் வகைக் கதை என்பதையும் மறக்க வேண்டாம்.

எஃப்.டி.பி.யின் படைத் தலைமை அதிகாரியாக இருந்தவர் மார்செல் ப்ரெனாந். அவரும் சொர்போனில் விலங்கியல் பேராசிரியர்! 1944 ஜனவரியில் அவர் பிடிபட்டு, ஜெர்மனியில் நாய்யங்காம வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார், உயிரோடு திரும்பினார். அடுத்த சில வாரங்களில் உயிரியலாளர் ரெமோன் க்ரொலான் பிடிபட்டார், அவர் திரும்பவில்லை. மோனோ தலைமறைவானார். மனைவி மக்கள் பாரிஸுக்கு வெளியே இருந்தார்கள். ஒரு நேரம் ‘மர்ஷால்’ என்று பெயர், இன்னொரு நேரம் ‘மலிவேர்’. இரண்டாவது, ஸ்தாந்தால் நாவல் ஒன்றின் நாயகன் பெயர். 1944ல் எல்லா எதிர்ப்புப் படைகளையும் ஒன்றிணைத்த தேசியத் தலைமையகத்தில் ‘மூன்றாம் பிரிவு’ அவர் பொறுப்புக்கு வந்தது. ராணுவ வழக்கில் மூன்றாம் பிரிவு என்றால் நடவடிக்கைகள்: எதை, எப்போது, யாரைக் கொண்டு தாக்குவது, பாராசூட்டில் இறங்கும் ஆயுதம் யார் கைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம்.

ஃபார்வர்டு சறுக்குவது இங்கேதான். மோனோ இருட்டில் ஊர்ந்து போய்த் தண்டவாளத்தில் குண்டு வைத்தார் என்ற சித்திரத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். நன்றாகப் பதிவாகியிருப்பது திட்டமிடும் வேலை. அது எந்த விதத்திலும் பாதுகாப்பான வேலை இல்லை. குண்டு வைப்பவருக்கு இரண்டு பேரைத் தெரியும், திட்டமிடுபவருக்கு எத்தனையோ பேரைத் தெரியும், ஆகவே ஜெர்மன் ரகசிய போலீஸான கெஸ்டபோவுக்கு அவர்மேல்தான் கண்.

ரயில் நாசவேலை என்றால் எல்லோருக்கும் வெடிதான் ஞாபகம் வருகிறது. உண்மையில் வெடித்துப் பிய்ந்த தண்டவாளத்தை ஒரு கேங்க் சில மணி நேரத்தில் மாற்றிவிடும். வளைவான இடத்தில் தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ் பிளேட்டுகளைக் கழற்றி, போல்ட்டுகளைத் தளர்த்தி விட்டால் போதும். வருகிற ரயிலே தடம்புரண்டு பாதையை அடைத்துக்கொள்ளும். அதை அகற்றக் கனரக கிரேன் வேண்டும், அந்த கிரேனை முன்கூட்டியே பழுதாக்கி வைத்துவிட்டால் இன்னும் பல நாள் தாமதம். இன்ஜினைத் திருப்பும் டர்ன் டேபிள், பாயின்ட்டுகள், சிக்னல் கேபிள் எல்லாம் அப்படித்தான். இதற்கு வெடிமருந்தைவிட ரயில்வே தொழிலாளியின் அறிவு முக்கியம். விமானக் குண்டுவீச்சில் ஸ்டேஷனைச் சுற்றி இருந்த பிரெஞ்சு மக்களும் செத்தார்கள், இதில் அந்தச் சாவு குறைவு. நார்மண்டி தரையிறக்கத்தை ஒட்டி ரயில்பாதைகளை வெட்டும் திட்டத்துக்குப் ‘பச்சைத் திட்டம்’ என்று பெயர், தொலைபேசிக் கம்பிகளுக்கு ‘ஊதாத் திட்டம்’. 1944 ஜூன் 5 இரவு மட்டும் சுமார் 950 இடங்களில் பாதை வெட்டப்பட்டது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எண்ணியவர்கள் யுத்தக் களத்தில் இருந்தவர்கள், ஆகவே அந்த எண்ணை அப்படியே கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விளைவு கண்கூடு. தெற்கே மொந்தொபான் பக்கம் இருந்த ‘தாஸ் ரைஷ்’ கவசப் படைப்பிரிவு, சில நாளில் நார்மண்டி சேர வேண்டியது, முழுசாகப் போய்ச் சேர இரண்டு வாரத்துக்கு மேலானது. விமானத் தாக்குதலுக்கும் அதில் பங்குண்டு. அந்தப் படைப்பிரிவு வழியில் ஜூன் 9 அன்று த்யூல் ஊரில் 99 பேரைத் தூக்கில் போட்டது. மறுநாள் ஒரதூர் சூர் க்ளான் கிராமத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 640க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இவை மோனோவின் ஆணைகளால் நேர்ந்தவை என்று சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் நாசவேலையின் கணக்கு எழுதும்போது பழிவாங்கலின் பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுதக் கூடாது. ஃபார்வர்டுகள் அதைத்தான் செய்கின்றன.

இதே மாதங்களில் அவர் லேபுக்கும் போய்க்கொண்டிருந்தார். சொர்போன் ஆபத்தாகிவிட்டதால் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் லுவோஃபின் மச்சு அறைகளில் இடம் கிடைத்தது. லுவோஃப் உளவுத் தகவல் சேகரித்தவர், சுட்டு வீழ்த்தப்பட்ட நேச நாட்டு விமானிகளைத் தன் வீட்டில் ஒளித்துவைத்தவர். அங்கே 1943-44 குளிர்காலத்தில் அலிஸ் ஓதுரோ என்ற மாணவியோடு சேர்ந்து, லாக்டோசை உண்ணத் தெரியாத ஈ. கோலை வகை ஒன்றையும், அதிலிருந்து திடீர் மாற்றத்தால் உண்ணக் கற்றுக்கொண்ட வகையையும் மோனோ ஆராய்ந்தார். நொதியைத் தயாரிக்கும் திறன் ஒரு மரபணுவைச் சார்ந்தது, ஆனால் அந்தத் திறன் வெளிப்படச் சர்க்கரையும் இருக்க வேண்டும் என்பது அதில் தெளிவானது. மரபணு, சுற்றுச்சூழல் இரண்டும் சந்திக்கும் இடம் கையில் கிடைத்துவிட்டது. அந்த பாக்டீரியாவுக்கு ‘எம்.எல்.’ என்று பெயர். அது லுவோஃபின் குடலிலிருந்து எடுக்கப்பட்டது என்று நோபல் மேடையிலேயே மோனோ சொல்லியிருக்கிறார்.

1944 ஆகஸ்ட்டில் பாரிஸ் எழுச்சி. 15ஆம் தேதி போலீஸ் வேலைநிறுத்தம், 19ல் சண்டை, நடுவில் ஒரு தற்காலிகச் சமாதானம், 22ல் “எல்லோரும் தடுப்பரண்களுக்கு வாருங்கள்” என்ற சுவரொட்டிகள், 25ல் ஜெர்மன் தளபதி சரண். அந்தத் தடுப்பரண் அழைப்பை எழுதியதில் மோனோவுக்குப் பங்குண்டு என்பார்கள். அவர் வகித்த பதவிக்கு அது பொருந்துகிறது. சுவரொட்டியை வெளியிட்ட பெருமை பாரிஸ் பகுதி எதிர்ப்புப் படைகளின் தளபதி ரோல் தங்கிக்குப் போகும்.

பாரிஸ் விடுதலையான பிறகும் போர் முடியவில்லை. எதிர்ப்புப் படையினரை முறையான ராணுவத்தில் இணைக்கும் வேலைக்காக மோனோ தளபதி த லாத்ரின் தலைமையகத்தில் அதிகாரியானார். உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் தரும் சம்பவம் அங்கேதான் நடந்தது. அமெரிக்க ராணுவத்தின் நடமாடும் நூலகம் ஒன்றில் ஜெனட்டிக்ஸ் ஆய்விதழின் சில இதழ்கள் கண்ணில் பட்டன. நான்கு வருடமாக அமெரிக்க இதழ்கள் பிரான்சுக்குள் வரவில்லை. அதில் லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943ல் எழுதிய கட்டுரை இருந்தது. வைரஸைத் தாங்கும் பாக்டீரியா, வைரஸைச் சந்தித்த பிறகு மாறுவதில்லை, சந்திப்பதற்கு முன்பே தற்செயலாக மாறியிருக்கிறது என்று கணிதத்தால் நிரூபித்த கட்டுரை. பாக்டீரியாவுக்கும் முறையான மரபியல் உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டது அதிலிருந்துதான். சீருடையில் நின்று படித்த அந்தக் கட்டுரை தன்னை எவ்வளவு பாதித்தது என்று மோனோ பிறகு விவரித்திருக்கிறார். போர் அவருடைய அறிவியலுக்குக் கையால் எடுத்துக் கொடுத்த ஒன்றைச் சொல்லு என்றால், நான் துப்பாக்கியைச் சொல்ல மாட்டேன், அந்த நூலக வண்டியைச் சொல்வேன்.

போர்க் காலத்துச் சகவாசம் அறிவியலில் எதிரொலித்த இன்னொரு இடமும் உண்டு. 1948 ஆகஸ்ட்டில் சோவியத் யூனியனில் லைசென்கோ என்ற வேளாண் விஞ்ஞானியின் கொள்கையே அதிகாரபூர்வ உயிரியல் என்று அறிவிக்கப்பட்டது. மரபணுவை மறுத்து, சூழலால் ஏற்படும் மாற்றமே அடுத்த தலைமுறைக்குப் போகும் என்ற கொள்கை அது. மரபியல் படித்தவர்களுக்கு வேலை போனது. பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. செப்டம்பர் 15 அன்று ‘கோம்பா’ நாளிதழில் மோனோ இதை அடியோடு மறுத்து எழுதினார். எதிர்ப்பு இயக்கத்தின் ரகசிய ஏடாகத் தொடங்கிய பத்திரிகை அது, எழுத்தாளர் ஆல்பெர் காம்யு ஆசிரியராக இருந்தது. பழைய தோழர்கள் பலரோடு உறவு முறிந்தது. காம்யுவோடு நட்பு இறுகியது. அதற்குப் பிறகுதான் ‘தகவமைப்பு’ என்று சுற்றுச்சூழல் மரபணுவுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது போல ஒலித்த எதையும் மோனோ விடாப்பிடியாகச் சோதிக்க ஆரம்பித்தார். லைசென்கோ இல்லாமல் போயிருந்தால் அவ்வளவு முனைப்பு வந்திருக்குமா என்பது தெளிவாகத் தீர்க்க முடியாத கேள்வி. வந்திருக்காது என்பது என் கருத்து.

1950களின் வேலையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஃபிரான்சுவா ஜாக்கோப் என்பவர் அதே மாடித் தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தார். 1940ல் மருத்துவ மாணவராக இருந்தவர், கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய் த கோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார், ஆப்பிரிக்காவில் இருந்தார், 1944ல் நார்மண்டியில் குண்டடி பட்டார். கை காலில் ஏற்பட்ட காயத்தால் அறுவை மருத்துவர் கனவு போய்விட்டது. போரினால் விஞ்ஞானியானவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் மோனோவைவிட ஜாக்கோபுக்குத்தான் அது பொருந்தும். இருவரும் அமெரிக்கர் ஆர்தர் பார்டியும் செய்த பரிசோதனையில், லாக்டோஸ் மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து அவை பழுதான இன்னொன்றுக்குள் நுழைந்தன. நுழைந்த உடனே, லாக்டோஸ் இல்லாமலே, நொதி உற்பத்தி ஆரம்பித்தது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் நின்றுபோனது. அதாவது நுழைந்தவற்றில் ஒரு மரபணு மெதுவாக ஒரு தடுப்பானைத் தயாரித்து, உற்பத்தியை அடக்கிவிட்டது. லாக்டோஸ் வந்தால் அந்தத் தடுப்பான் அகலும். ஆக, சர்க்கரை யாருக்கும் எதையும் கற்றுத்தருவதில்லை, இருக்கிற பூட்டைத் திறக்கிறது, அவ்வளவுதான். ஜாக்கோப் இதற்கு விமானத்தை வைத்து விளக்கம் சொன்னார்: குண்டுகளோடு பறக்கும் விமானத்துக்குத் தரையிலிருந்து “போடாதே, போடாதே” என்று ஓயாமல் ஒலிபரப்பாகிறது; ஒலிபரப்பி கெட்டால் குண்டு விழும், விமானத்தின் ரிசீவர் கெட்டாலும் விழும். எங்கள் வகுப்பில் இந்த விளக்கம் தோற்றதே இல்லை. 1961ல் இருவரும் எழுதிய பெரிய கட்டுரை, 1965ல் லுவோஃபோடு சேர்த்து மூவருக்கும் நோபல் பரிசு.

இப்போது சிலருக்கு ஒரு ஆசை வரும். தடுப்பானைத் தடுப்பது, தகவல் தொடர்பை வெட்டுவது, இதெல்லாம் நாசவேலைக்காரரின் மூளையில் உதித்தது என்று எழுதிவிடலாமே! எனக்கு அது ஒட்டவில்லை. மோனோ வெகுகாலம் இதற்கு நேர்மாறாகத்தான் நம்பினார், லாக்டோஸ் நேரடியாகத் தூண்டுகிறது என்று. இரண்டு எதிர்மறை சேர்ந்தால் நேர்மறை என்ற சாத்தியத்தை அவரும் சக ஆய்வாளர் மெல்வின் கோனும் அரட்டையில் பேசி, போக்கர் சீட்டாட்டத்தில் எதிராளியை ஏய்ப்பதை வைத்து ‘இரட்டை ஏய்ப்பு’ என்று விளையாட்டுப் பெயரிட்டு ஓரம்கட்டியிருந்தார்கள். அதைக் கெட்டியாகப் பிடிக்கச் சொல்லி அவரைத் திருப்பியவர் இயற்பியலாளர் லியோ சிலார்ட். தண்டவாளம் எங்கும் வரவில்லை.

தலைமறைவு வாழ்க்கையில் கற்றது நேரடியாகப் பயன்பட்ட இடம் ஒன்று எனக்குத் தெரியும். ஹங்கேரியில் 1956 எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு, ஆக்னெஷ் உல்மான் என்ற உயிர்வேதியியலாளரையும் அவர் கணவரையும் வெளியே கொண்டுவர மோனோ திட்டம் போட்டார். சங்கேதக் கடிதங்கள், கைவிடப்பட்ட யோசனைகள் எல்லாம் தாண்டி, 1960ல் ஒரு கேம்பிங் வண்டியில் குளியல் தொட்டிக்கு அடியில் ஒளிந்து அவர்கள் ஆஸ்திரியாவுக்குள் வந்தார்கள். பாஸ்டரில் வேலை கிடைத்தது. 1968ல் உல்மானும் மோனோவும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, குளுக்கோஸ் இருக்கும்போது லாக்டோஸ் நொதி ஏன் அடங்கிக் கிடக்கிறது என்பதில் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறின் பங்கைக் காட்டியது. 1940 டிசம்பரில் லுவோஃபிடம் கொண்டுபோன கிராஃபின் தட்டைப் பகுதிக்கான விடையில் ஒரு பகுதி அது. முழு விடை என்று சொல்ல மாட்டேன். குளுக்கோஸ் இருக்கும்வரை லாக்டோஸ் செல்லுக்குள் நுழையவே முடியாமல் தடுக்கப்படுவதுதான் பெரிய காரணம் என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. பாடப்புத்தகங்கள் பல இன்னும் சைக்ளிக் ஏ.எம்.பி.யோடு நிறுத்திவிடுகின்றன.

நிஜமாகவே குண்டு வைத்துவிட்டு அப்புறம் ஆராய்ச்சியாளரானவர் கதைதான் வேண்டுமென்றால் டென்மார்க்குக்குப் போங்கள். யோர்கன் கீலர், 1919ல் பிறந்த மருத்துவ மாணவர். உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து ரகசியப் பத்திரிகை வேலையில் தொடங்கினார், 1943 அக்டோபரில் டென்மார்க் யூதர்கள் படகில் ஸ்வீடனுக்குத் தப்ப உதவினார், பிறகு ஹோல்கர் டான்ஸ்கே நாசவேலைக் குழுவில் சேர்ந்து தொழிற்சாலைகளைத் தகர்த்தார். 1944ல் பிடிபட்டு ஜெர்மனியில் போர்ட்டா வெஸ்ட்ஃபாலிக்கா முகாமுக்குப் போனார். திரும்பி வந்து மருத்துவம் முடித்துப் புற்றுநோய் ஆராய்ச்சியில் வாழ்நாளைக் கழித்தார். ஜெர்மன் முகாம்களில் பட்டினி உடலை என்ன செய்தது என்று டென்மார்க் மருத்துவர்கள் 1952ல் வெளியிட்ட ஆய்வை எழுதியவர்களில் அவரும் ஒருவர். தான் நோயாளியாக இருந்த நோயைத் தானே ஆராய்ந்தவர். உங்கள் ஃபார்வர்டை எழுதியவர் தேடிய ஆள் இவராகத்தான் இருக்க வேண்டும், நோபல் பரிசு மட்டும் இல்லை.

மோனோ 1971ல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநரானார், 1976ல் கான் நகரில் இறந்தார். 1952ல் பழைய கட்சித் தொடர்பைக் காரணம் காட்டி அமெரிக்கா விசா விஷயத்தில் அவரைப் படுத்திய பாட்டை அவரே சயன்ஸ் இதழுக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். ‘போர் நாயகனை உலகமே கொண்டாடியது’ என்று ஃபார்வர்டில் இருக்கும் வரியை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு படிக்க ஆசையிருந்தால் அவருடைய நோபல் உரை நோபல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முன்பாதிக்கு பிளஸ் டூ உயிரியல் போதும். அலோஸ்டெரி (ஒரு சிறு மூலக்கூறு ஒட்டுவதால் புரதத்தின் வடிவமும் வேலையும் மாறுவது) என்று ஆரம்பிக்கும் இடத்தில் திணறினால் இங்கேயே கேளுங்கள், எழுதுகிறேன்.